ஒரே மடக்கில் ஒரு கொலை!

அந்த மனிதர் செத்துக்கொண்டிருந்தபோது நூற்றிருபது பேர் கை தட்டினார்கள்.

விசில் வேறு!

அவர்கள் மேல் தப்பில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த பாரில் மதியக் கச்சேரி இப்படித்தான் முடியும். கடைசிப் பாட்டுக்கு முன்னால் பாடகர் கண்ணை மூடிக்கொள்வார்... கையைப் பின்னால் நீட்டுவார்... ஸ்டூலில் இருக்கும் கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் காலி செய்வார். பிறகு பாட்டு முழுக்கத் தள்ளாடுவார். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவதே.

போஸ்டரிலேயே அவருக்குப் பட்டம் 'முழுபாட்டில்'.

இன்றைக்கும் குடித்தார். பாடினார். ஒன்பது நிமிஷப் பாட்டு. நான்காவது நிமிஷத்தில் முகம் செக்கச் சிவந்தது. ஆறாவது நிமிஷத்தில் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். எட்டாவது நிமிஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்ஸ் மோர்!" என்று மூன்றாவது டேபிளிலிருந்து ஒரு குரல்.

ஒன்ஸ் மோர் நடக்கவில்லை.

பாடகர் மைக்கோடு சரிந்தார். ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. விஷயம் முதலில் புரிந்தது பார் கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்குத்தான். ஐஸ் வாளியைக் கீழே போட்டாள். டேபிள்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தம்பீ...!"

*

இன்ஸ்பெக்டர் அம்மாள் வெந்நீர் டப்பில் காலை வைத்து, கண்ணை மூடி, 'அப்பாடா' என்று சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது.

இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு 'அப்பாடா'வைக்கூட அவர் முழுசாகச் சொன்னதில்லை.

"மேடம்... கான்ஸ்டபிள் பேசறேன். பார்ல ஒருத்தர் காலி."

"குடிச்சுட்டு விழுந்திருப்பான்யா. தண்ணி தெளிச்சுப் பாருங்க."

"டாக்டரே பாத்துட்டார் மேடம். தெளிச்சாலும் எழுந்திருக்க மாட்டாராம்."

இன்ஸ்பெக்டர் காலைத் துடைத்துக்கொண்டார். இன்னும் சூடு ஆறாத வெந்நீரைப் பார்க்கவே அவருக்குப் பாவமாக இருந்தது.

*

பார் என்றாலும் பெரிய இடம் இல்லை. நீளமான ஹால். ஒரு முனையில் கவுண்டர், மறு முனையில் முழங்கால் உயர மேடை. ஜன்னல் திரையை யாரோ விலக்கிவிட்டிருந்தார்கள். மதிய வெயில் உள்ளே விழுந்ததும், வண்ண விளக்கில் ஜொலித்த இடம் முழுக்க ஒட்டுப்போட்ட கார்ப்பெட்டும் ஈர வட்டங்களும்தான் தெரிந்தன. பாதி குடித்த கிளாஸ்கள் டேபிள் டேபிளாக நின்றன.

டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"விஷமா டாக்டர்?"

"இல்லை. விஸ்கி."

"இது பார் டாக்டர்! விஸ்கி குடிச்சா செத்துப்போவாங்கன்னா இந்த ஊர்ல ஓட்டுப் போட ஆள் இருக்காது."

"இவர் செத்துடுவார். பர்ஸ்ல இந்த கார்டு இருந்துச்சு, பாருங்க. குடியை மறக்கறதுக்கு மாத்திரை சாப்பிடறவர். அந்த மாத்திரை உள்ள இருக்கறப்போ மது போனா உடம்பு தூக்கிப் போடும். நல்ல இதயம்னா ஒருவேளை தாங்கும். இவருக்கு ஏற்கெனவே இதயம் வீக். ஒரு கிளாஸ் நிறைய, ஒரே மடக்கு... போதும்."

"குடியை மறக்கவா? போஸ்டர்ல 'முழுபாட்டில்'னு போட்டிருக்கு!"

"ஒன்பது வருஷமா இவர் ஒரு சொட்டு தொட்டதில்லைன்னு கார்டு சொல்லுது. போஸ்டருக்கு நான் வைத்தியம் பாக்கறதில்லை மேடம்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். பாரில் ஒரு மனிதனை அசல் விஸ்கியை வைத்தே கொன்றிருக்கிறார்கள்!

"நான்தான் மேடம் கொன்னேன்."

திரும்பினார்.

கவுண்டர்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய முகம். ஏப்ரன் முன்பக்கம் முழுக்க ஈரம். அழுது முடித்த கண்ணும் இல்லை, அழப்போகிற கண்ணும் இல்லை... காய்ந்துபோயிருந்தது.

"நீங்க யாரும்மா?"

"அவனோட அக்கா. இந்த கவுண்டர்ல பன்னெண்டு வருஷமா நிக்கறேன். அவன் கிளாஸை நான்தான் ஊத்துவேன். பாட்டிலை வேற யாரையும் தொட விடமாட்டேன். மேடைக்குக் கொண்டு போறது மட்டும் சர்வர் பையன்."

"என்ன ஊத்துவீங்க?"

"டீ. பால் விடாத, ஆறின கட்டன் டீ. விஸ்கி பாட்டில்லயே ஊத்தி வெச்சிருப்பேன். கலர் ஒண்ணுதானே... ஜனங்களுக்குத் தெரியாது. ரசிகருங்க மேடைக்கு வாங்கி அனுப்பற கிளாஸ்லகூட டீதான் போகும். குடிகாரன் பாடறான்னாத்தான் கூட்டம் வருதுன்னு முதலாளி சொல்லிட்டார். குடிச்சா செத்துடுவான்னு டாக்டர் சொல்லிட்டார். நான் நடுவுல நின்னு டீ போட்டேன்."

"இன்னிக்கு?"

அவள் கவுண்டருக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே லேபிள். ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்பு ரப்பர் பேண்ட்.

"ரப்பர் பேண்ட் போட்டது டீ. தடவிப் பாத்துட்டுத்தான் ஊத்துவேன். இன்னிக்குச் செம கூட்டம். ஆறு பேர் ஒரே நேரத்துல கத்தறாங்க. தடவினேனா இல்லையான்னு... ஞாபகம் இல்ல மேடம். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். கைக்கு ஞாபகமே இல்ல. வேற எப்படி அவன் வயித்துக்குள்ள விஸ்கி போயிருக்கும்? நான்தான். எழுதிக்குங்க."

"மாத்திரை விஷயம் யார் யாருக்குத் தெரியும்?"

"மூணே பேருக்கு. அவனுக்கு, எனக்கு, என் வீட்டுக்காரருக்கு. அவர்தான் இந்த பேண்டுல டிரம்ஸ். இன்னிக்குத் தலைவலின்னு படுத்துட்டார். வேற ஆளை அனுப்பினார். அவர் இருந்திருந்தா மோப்பம் பிடிச்சே தடுத்திருப்பார் மேடம்..."

அப்போதுதான் உடைந்தாள். ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தார். நோட்டை மடித்துவிட்டார் என்பதைக் கவனிக்கவும்.

"முடிஞ்சுது மேடம். கவனக்குறைவு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கையெழுத்து வாங்கினா அஞ்சு மணிக்கு வீட்டுல இருக்கலாம்."

இன்ஸ்பெக்டருக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்! கால் இரண்டும் ஷூவுக்குள் விண் விண்ணென்று தெறித்தன. கையெழுத்துப் போடக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குற்றவாளி, இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"அவங்களை ஸ்டோர் ரூம்ல உக்கார வைங்க" என்றார். "நான் மேடையை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

*

மேடையில் டிரம்ஸ் செட். அதற்கு இரண்டு பக்கமும், கொஞ்சம் முன் தள்ளி, பக்கத்துக்கொரு குட்டி ஸ்டூல். ஜனங்களைப் பார்த்து நிற்கும் பாடகருக்கு வலது கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்று, இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்று.

வலது ஸ்டூல் காலி. அதன் கிளாஸ் கீழே உருண்டு கிடந்தது. மோந்தார். விஸ்கி!

இடது ஸ்டூலில்...

ஒரு கிளாஸ். நிறைய. யாரும் தொடாமல்.

இன்ஸ்பெக்டர் விரலை விட்டு நக்கினார்.

டீ. சர்க்கரை போடாத, ஆறிப்போன கட்டன் டீ.

"அந்தம்மா சரியாத்தான்யா ஊத்தியிருக்காங்க!"

கான்ஸ்டபிள் மறுபடி நோட்டைத் திறந்தார். மணி ஐந்துக்கு வீடு என்பது அவர் முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப் போனது.

"அப்போ போய்ச் சொல்லிடலாம் மேடம். பாவம், அங்க தலையில அடிச்சுக்கிட்டு இருக்காங்க."

"வேணாம்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் மூச்சு விட்டிருப்பாள். இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. அதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

"முதல்ல கிடார் ஆளைக் கூப்பிடுங்க."

வந்தவர் பேஸ் கிடார்காரர். ஒல்லி. தோளில் கிடார் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"வழக்கமா அவர் கிளாஸ் எந்தப் பக்கம் இருக்கும்?"

"வலது பக்கம் மேடம். ஒன்பது வருஷமா அதே இடம். திரும்பியே பாக்கமாட்டார். கண்ணை மூடி, கையை நீட்டி, லபக்குன்னு எடுப்பார்."

"இன்னிக்கு டீ ஏன் இடது பக்கம் இருக்கு?"

"இன்னிக்கு வந்த டிரம்மர் லெஃப்ட் ஹேண்டு மேடம். இடது கைக்காரர் வாசிச்சா டிரம்ஸ் செட் மொத்தத்தையும் திருப்பிப் போடணும். வலது பக்கம் இருக்கறதெல்லாம் இடது பக்கம் போயிடும். ஸ்டூலும்தான். டிரம்மர் கிளாஸ் இங்க, பாடகர் கிளாஸ் அங்க."

"டிரம்மருக்கும் கிளாஸா?"

"அது அசல் சரக்கு மேடம்."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ கை பழக்கத்துல வலது பக்கம் போச்சு. சரக்கை எடுத்துட்டார்."

"இன்னிக்கு மட்டும் இல்ல மேடம். இந்த லெஃப்ட் ஆள் இதோட அஞ்சாவது ஞாயிறு வர்றார். ஒவ்வொரு தடவையும் அவர் கை அந்தப் பக்கம்தான் போகும். நான் கிடாராலயே இடிச்சு, 'அந்தப் பக்கம்'னு சொல்லுவேன். இன்னிக்கு எனக்கு ஸ்ட்ரிங் அறுந்துடுச்சு. குனிஞ்சு மாட்டிக்கிட்டு இருந்தேன். நிமிர்றதுக்குள்ள..." கிளாஸைத் தூக்குவது போலக் கையைக் காட்டினார். "குடிச்சதும் கிளாஸையே பாத்தார் மேடம். அப்புறம் என்னைப் பாத்தார். மூஞ்சி மாறிச்சு."

"அப்போ ஏன் நிறுத்தலை?"

"டிரம்மர் ஒன் டூ த்ரீ ஃபோர் எண்ணிட்டார் மேடம். எண்ணிட்டா அவர் நிறுத்த மாட்டார். வீடு பத்திக்கிட்டாலும் பாட்டை முடிச்சுட்டுத்தான் போவார்."

இன்ஸ்பெக்டர் கீழே கிடந்த கிளாஸைப் பார்த்தார். அந்த ஆளைத் தெரியாது, பாட்டையும் கேட்டதில்லை. ஆனாலும் அவருக்கு வருத்தமாக இருந்தது.

"இந்த ஆபத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"டிரம்மர் அண்ணன்கிட்ட சொன்னேனே! அக்கா வீட்டுக்காரர்கிட்ட. 'அண்ணே, அந்த லெஃப்ட் ஆளை அனுப்பாதீங்க, இவர் மாத்திக் குடிச்சுடப்போறார்'னு. மூணு வாரம் முன்னாடி."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார் மேடம்."

அடுத்து இடது கைக்காரர். ஸ்டிக் இரண்டையும் இன்னும் கையிலேயே பிடித்திருந்தார்.

"நீங்க நிறையக் குடிப்பீங்களா?"

"ஐயோ! வாசிக்கறப்போ நான் தொடவே மாட்டேன் மேடம். அண்ணன்தான் சொன்னார். 'மேடையில டிரம்மர் கிளாஸ் காலியா இருந்தா இந்த பேண்டுக்கே மரியாதை இல்ல. குடிக்கறியோ இல்லையோ, விளிம்பு வரைக்கும் ஊத்தி உன் பக்க ஸ்டூல்ல வை. ஐஸ் போடாதே'ன்னு. நான் ஊத்தி வெப்பேன், கச்சேரி முடிஞ்சதும் கொட்டிடுவேன்."

ஐஸ் போடாதே! ஐஸ் மிதந்தால் கைக்கு, உதட்டுக்கு வித்தியாசம் தெரிந்துவிடுமே!

கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "மேடம்... அந்தாளு வீட்டுல தலைவலின்னு படுத்துக்கிட்டே..."

"ஆமாய்யா. அஞ்சு தடவை. நடந்தா நடக்கட்டும், இல்லேன்னா அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு. அவசரமே படலை."

"எந்தச் சட்டத்துல பிடிக்கறது மேடம்? வேலைக்கு வரலைங்கறது ஒரு குத்தமா?"

"அதான் எனக்கும் தெரியலை. அவரை வரச் சொல்லுங்க. ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தாதீங்க. அந்த டீ கிளாஸை எடுத்து ஒளிச்சு வைங்க."

*

டிரம்மர் வந்தார். தடித்த மணிக்கட்டு. கலைந்த தலை. நெற்றியில் தைலம் மினுமினுத்தது. கண் கலங்கியிருந்தது, அதைக்கூட நேர்த்தியாகச் செய்திருந்தார்.

"மேடம்... என் மச்சான்..."

"உக்காருங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் ரொம்பக் களைச்சுப்போயிருக்கேன். கேஸ் முடிஞ்சுது. உங்க மனைவிதான் கொலை பண்ணியிருக்காங்க."

"என்னது!"

"டீக்குப் பதிலா விஸ்கியை ஊத்திட்டாங்க. மாத்திரை விஷயம் தெரிஞ்சவங்க. கையில பாட்டில் இருந்தது. இதோ, வாக்குமூலம்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். "பத்து வருஷமாவது ஆகும்."

டிரம்மரின் முகத்தில் அழுகை நின்றுவிட்டது. இது அவர் கணக்கில் வராத விஷயம்.

"இல்ல மேடம்! அவ ஊத்தியிருக்க மாட்டா. அவ தப்பே பண்ண மாட்டா. இது... இது ஆக்சிடென்ட். கிளாஸ் மாறியிருக்கும்! மேடையில ரெண்டு கிளாஸ் இருக்குமே?"

"ஒண்ணுதான் இருந்தது."

"இன்னொண்ணு இருக்கணுமே! இடது பக்க ஸ்டூல்ல! டீ!"

"இல்லையே. கான்ஸ்டபிள், நீங்க பாத்தீங்களா?"

"நான் எதையும் பாக்கலை மேடம்" என்றார் கான்ஸ்டபிள். இருபது வருஷமாகக் கோர்ட்டில் சொல்லிப் பழகிய வசனம். சரளமாக வந்தது.

"யாரோ எடுத்திருப்பாங்க மேடம்! நல்லாத் தேடுங்க. அந்த லெஃப்ட் பையனைக் கேளுங்க!"

"கேட்டாச்சு. அவர் வாசிக்கறப்போ குடிக்கறதே இல்லையாம். குடிக்காதவருக்கு எதுக்கு கிளாஸ்? அப்போ மேடையில இருந்த ஒரே கிளாஸ் உங்க மனைவி ஊத்தினது." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்கய்யா. அந்தம்மாவுக்கு மாத்துத் துணி ஏதாவது வேணும்னா நீங்க கொண்டு வந்து குடுங்க."

"மேடம்... ஒரு நிமிஷம்..."

"காலு வலிக்குது. நாளைக்குப் பேசலாம்."

"அவ பண்ணலை மேடம்!" மேஜையைக் குத்தினார். "குடிக்காத ஆள்தான் அந்த லெஃப்ட் பையன். நான்தான் அவன்கிட்ட ஊத்தி வைக்கச் சொன்னேன்! ஐஸ் போடாம, விளிம்பு வரைக்கும்! அந்தப் பக்கம் வெச்சா மச்சான் கை தானா அங்க போகும்னு எனக்குத் தெரியும். அவளை விட்டுடுங்க!"

கான்ஸ்டபிளின் பேனா பறந்தது.

"எத்தனை ஞாயிறு?" இன்ஸ்பெக்டரின் குரல் ஏறவே இல்லை.

"...அஞ்சு."

"ஏன்?"

டிரம்மர் கையைப் பார்த்துக்கொண்டார்.

"பத்தொம்பது வருஷமா அவன் முதுகையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் மேடம். மெட்டெல்லாம் என்னோடது. ஒண்ணு விடாம. இப்போ ஆல்பம் போடறாங்க. அட்டையில என் பேரும் வரணும்னு கேட்டேன். 'டிரம்மருக்கு எதுக்கு மாமா பேரு? சத்தம் போதாதா?'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. தம்பி பாசத்துல இவளும் சிரிச்சா. விளையாட்டாத்தான் சொன்னான். எனக்கு அன்னியிலேருந்து தூக்கம் வரலை."

சாத்தாமல் விட்டிருந்த ஸ்டோர் ரூம் கதவு முழுசாகத் திறந்தது.

அவள் நடந்து வந்தாள். கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. கணவனுக்கு முன்னால் வந்து நின்று, அவர் நெற்றியை ஏப்ரன் முனையால் துடைத்தாள். தைலம் சுத்தமாகப் போகும் வரைக்கும் அழுத்தித் துடைத்தாள்.

"அஞ்சு ஞாயித்துக்கிழமை" என்றாள். "அஞ்சு தடவையும் நான்தானே தேச்சுவிட்டுட்டு வேலைக்கு வந்தேன்."

"கண்ணு... உன்னைக் காப்பாத்தத்தான் இப்போ..."

"அவனுக்கு இப்படித்தான் துடைச்சுவிடுவேன், சின்னதுல. மூக்கு ஒழுகினா." அவள் விலகிக்கொண்டாள். "கூட்டிக்கிட்டுப் போங்க மேடம். எனக்கு இவரைப் பாக்க முடியலை."

இன்ஸ்பெக்டர் ஒளித்து வைத்த கிளாஸைத் தானே எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"நீங்க ஊத்தினதும்மா இது. டீதான். உங்க கை தப்புப் பண்ணலை. முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுங்க."

அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த நாளில் முதல் முறையாக ஓவென்று அழுதாள்.

*

டிரம்மர் ஜீப்பின் பின் சீட்டில் ஏறினார். விலங்கு மாட்டியாகிவிட்டது. சட்டென்று தலையை வெளியே நீட்டினார்.

"மேடம்! நான் ஒத்துக்கிட்டேன்ல? அவ எழுதிக் குடுத்த வாக்குமூலத்தைக் கிழிச்சுடுங்க. அது இருந்தா அவளுக்குக் கஷ்டம்."

"கிழிக்க மாட்டேன்."

"மேடம், இது அநியாயம்!"

"கான்ஸ்டபிள், அவருக்குப் படிச்சுக் காட்டுங்க."

கான்ஸ்டபிள் தாளைப் பிரித்தார். கண் விரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேலதிகாரி அவர்களுக்கு... வணக்கம். நான் கடந்த பதினோரு மாதமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத காரணத்தாலும், கால் வீக்கத்தாலும், பொதுவான அசதியாலும்... எனக்கு மூன்று நாள் விடுப்பு வழங்குமாறு..."

"அப்போ... அவ எழுதினது?" என்றார் டிரம்மர்.

"உங்க மனைவி வாயால சொன்னாங்க. எழுத விடலை நான்" என்றார் இன்ஸ்பெக்டர். "எழுதி வெச்சிருந்தது இது ஒண்ணுதான். காலையிலேருந்து பாக்கெட்லயே கிடக்குது."

பொய்த்தாளுக்கு ஏமாந்த ஆள் சீட்டில் அப்படியே சாய்ந்தார். வாயை மூடிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால், எந்தக் கோர்ட்டும் அவரைத் தொட்டிருக்காது. அது அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

கான்ஸ்டபிள் தாளை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார். குழைந்தார்.

"மேடம்... நல்ல மூடுல இருக்கீங்க. சொல்லத் தயக்கமா இருக்கு... வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கும் ஒரு நாள் லீவு வேணும்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி, ஷூ லேஸைத் தளர்த்திக்கொண்டே கேட்டார்.

"யாரைய்யா கொல்லப்போறீங்க?"